நாலு மணி வெளிச்சம்

தம்பியின் பென்சில் படத்தில் மாடு, வைக்கோல் போர், கவிழ்த்து வைத்த வாளி, மரக்கிளையில் கட்டிய துணித் தொட்டில் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. கிணற்றுச் சுவரின் விளிம்பில் மட்டும் நான்கு விரல்கள் அதிகமாக இருந்தன.

"இது யார் கைடா?" சாணிக் கையைக் கழுவிக்கொண்டே அக்கா கேட்டாள்.

"தெரியலக்கா. இருந்துச்சு, வரைஞ்சேன்."

இந்த விஷயத்தில் அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கண்ணெதிரே இல்லாததை ஒரு கோடுகூட இழுக்க மாட்டான். நிழல் மாறக் கூடாதென்று தினமும் நாலு மணிக்கு வாசற்படியில் உட்கார்ந்து அதே தாளில் தொடர்வான். மாடு நகர்ந்திருந்தால் பழையதை ரப்பரால் அழித்துவிட்டு, நகர்ந்த இடத்தில் வரைவான்.

அக்கா கிணற்றை எட்டிப் பார்த்தாள். பாசி வாடையும், அடியில் கறுத்துக் கிடந்த தண்ணீரும், எங்கோ கல்லிடுக்கில் சொட்டும் சத்தமும்தான். தொட்டிலில் அவளுடைய ஆறு மாதக் குழந்தை நிம்மதியாகத் தூங்கியது.

மறுநாள் விரல்களை அழித்துவிட்டு முழங்கை வரை வரைந்திருந்தான். அதற்கடுத்த நாள், ஈர முடி சுவர்மேல் வழிந்துகிடக்க, ஒரு தலை. முகம் தொட்டிலைப் பார்த்திருந்தது. அக்கா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். புருஷனிடம் சொன்னால், "உன் தம்பிக்குக் கிறுக்கு, உனக்கு அதைவிடக் கிறுக்கு" என்று சிரித்தான்.

"கிழிச்சுப் போடுடா அதை!"

"கிழிச்சா அது எங்க இருக்குன்னே தெரியாமப் போயிடும்க்கா."

அவன் குரலும் நடுங்கியதுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது.

நாலாம் நாள், மணி நாலு அடிக்குமுன் தொட்டிலை மரத்திலிருந்து அவிழ்த்து, உள்ளறை உத்தரத்தில் உயரமாகக் கட்டினாள். குழந்தையைக் கிடத்தினாள். ஜன்னலை அடைத்து, கதவை வெளியே தாழிட்டு வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாடா என்றிருந்தது.

பென்சில் ஓடியது. கிணற்றடியில் இருந்த தலையை அழித்தான். வைக்கோல் போருக்கு அருகே ஈரக் காலடி ஒன்று வரைந்தான். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். முற்றத்தில் காய்ந்த புழுதிதான்.

மாடு மூக்கணாங்கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது.

இன்னொரு காலடி. மரத்தடியில். அங்கே நின்றது. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பியது.

வாளிக்கு அருகே. படிக்குக் கீழே. படத்தின் அடிவிளிம்பில்.

பென்சில் நின்றுவிட்டது.

"என்னடா? வரைடா!"

"தாள் முடிஞ்சிடுச்சுக்கா. இனிமே நமக்குப் பின்னாடி. அங்க என்னால பாக்க முடியாது."

உள்ளே தொட்டில் கயிறு கிறீச்சிட்டது. மெதுவாக. சீராக.

அக்கா ஓடினாள். தாழ் போட்டபடியே இருந்தது. குழந்தை அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை இழுத்தபோதுதான் தாழ் விலகியது.

உயரமாகக் கட்டிய தொட்டில் பாரத்தில் தொய்ந்து தரையைத் தொட்டபடி ஆடியது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. குழந்தையின் பிஞ்சுக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்டி, தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய, ஒரு பெரியவளின் கால்.