மேடையில் ஒரு பிணம், வாசலில் ஒரு கால்

குவே அலறினாள்.

சிற்றுண்டிச்சாலை வாசலில் ரொட்டி ஓரம் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்த கறுப்பு நாய் முக், தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு மறுபடி ரொட்டிக்குத் திரும்பிவிட்டது. கூத்துக் குழுத் தலைவி அலறுவது அந்த வளாகத்து நாய்க்குப் புதிதில்லை.

ஆனால் இது ஒத்திகை அலறல் இல்லை...

கலை மண்டபத்தின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மேடை. மேடைமேல் கருநீலப் பட்டு அங்கியில் ஒரு மனிதர். குப்புறக் கிடந்தார். பக்கத்தில் ஒரு குட்டி ஆரஞ்சுச் செடி, தொட்டியோடு உருண்டு கிடந்தது.

பேராசிரியர் வூங்!

குவே பாய்ந்தாள். ஒரே பாய்ச்சல்... வாசல்படி வரைக்கும்.

அங்கே அவளுடைய வலது கால் அந்தரத்தில் நின்றுவிட்டது.

முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்த பாக், அவள் முதுகில் மோதாமல் மயிரிழையில் தப்பினான்.

"உள்ள போடீ. ஏன் நிக்கிறே?"

"நீ போயேன்."

பாக் தன் காலைப் பார்த்தான். வாசல்படியைப் பார்த்தான். ஓர் அடி பின்வாங்கினான்.

ஹனோயில் வசந்தம் வந்தால் மாவு சலித்த மாதிரி தூறல் வரும், பீச் மரங்களில் பூ வரும், கூடவே இந்தத் தொல்லையும் வரும். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வருகிற டெட் என்கிற சந்திரப் புத்தாண்டு பிறந்த பின் ஒரு வாசலை முதலில் தாண்டுகிற கால் யாருடையதோ, அவருடைய ராசிதான் வருஷம் முழுக்க அந்த இடத்துக்கு.

அங்கே வருஷத்துக்கு ஒரு மிருகத்தின் பெயர். போன வருஷம் புலி வருஷம். மண்டபத்துக்குள் முதலில் நுழைந்தவர் விளக்கு பழுது பார்க்க வந்த ஒரு குரங்கு வருஷத்துக்காரர். புலிக்கும் குரங்குக்கும் ஆகாது. விளைவு? கூத்தின் நடுவே ராஜா மேடைப் பலகையோடு பாதாளத்துக்குப் போனார். செத்துக் கிடந்த மந்திரி கொசுக்கடி தாங்காமல் எழுந்து உட்கார்ந்தார். கடைசியில் திரை அறுந்து ஒரு தலையில் விழுந்தது. அது துணைவேந்தர் லியென் அம்மையாரின் தலை.

இன்னும் ஓர் அசம்பாவிதம் நடந்தால் மண்டபம் பேட்மிண்டன் குழுவுக்கு என்று அம்மையார் சொல்லிவிட்டார். அவர் மனசை இளக்க, டெட்டுக்கு முந்தின வாரம் அவருடைய பிறந்தநாளுக்குக் கூத்துக் குழு கேக் கொண்டுபோய்க் கொடுத்தது. கேக்கைச் சாப்பிட்டார். மறுநாள் மண்டபத்தை அளக்க ஆள் அனுப்பினார்.

கூத்துக் குழு அதோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். குவே நினைக்கவில்லை. இந்த வருஷம் அவள் அதிர்ஷ்டத்தை நம்பவில்லை... ஏற்பாடே செய்துவிட்டாள்!

இது பூனை வருஷம். பூனைக்கு நாய் வருஷத்தில் பிறந்தவர் கால்தான் விசேஷம். தெருவில்தான் இரண்டும் அடித்துக்கொள்ளும். சோதிடத்தில் ஒன்றுக்குள் ஒன்று. நாய் வருஷத்தில் பிறந்தவர், குறையில்லாத குடும்பம், 'செழிப்பு' என்று பொருள் வருகிற பெயர்... அத்தனையும் பேராசிரியர் வூங்கிடம் இருந்தது. போதாக்குறைக்கு, துணைவேந்தரின் கணவர். வசந்த விழாவின் முதல் சொற்பொழிவும் அவருடையதுதான், பழங்கூத்துக் கோமாளிகளைப் பற்றி. கூட்டம் கூடியதும், செல்வம் தரும் என்று டெட்டுக்கு வைக்கிற அந்த ஆரஞ்சுச் செடியோடு அவர் வாசலைத் தாண்ட வேண்டும். மாலையில் கூத்து.

எல்லாம் கச்சிதம். அவர் இப்போது மேடையில் பிணமாகக் கிடக்கிறார் என்பதைத் தவிர.

"குவே..." பாக் கிசுகிசுத்தான். "நடந்து வந்து செத்தாரா, செத்தப்புறம் தூக்கிட்டு வந்தாங்களா?"

"ரொம்ப முக்கியம்டா இப்ப."

"முக்கியந்தான். நடந்து வந்திருந்தா அவர் கால்தான் முதல் கால். நாய். நமக்கு நல்லது. தூக்கிட்டு வந்திருந்தா, தூக்கினவன் கால்தான் கணக்கு. கொலைகாரன் என்ன வருஷமோ..."

குவேவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவள் ஆட்டு வருஷம். பூனைக்கு ஆடும் நல்ல பொருத்தம்தான். ஆனால் டெட்டுக்கு முன்னால்தான் காதலன் அவளைக் கைவிட்டிருந்தான். அதே வாரம் மெய்யியல் தேர்வும் கைவிட்டது. அந்தக் காலையா கொண்டுபோய் இந்த வாசலில் வைப்பது? பாக்கின் ஸ்கூட்டர் திருடு போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் காலும் உதவாது.

விசில் சத்தத்தோடு வந்து சேர்ந்தார் பாதுகாப்புத் தலைவர் கியெட், மாணவர்கள் எல்லாருக்கும் சித்தப்பா. விசிலுக்குப் பின்னால் தொப்பை வந்தது.

"சித்தப்பா, உள்ள போய் மூச்சு இருக்கான்னு பாருங்க, சீக்கிரம்."

கியெட் வாசல்படிக்கு ஒரு முழம் தள்ளியே நின்றார். "நானா? நான் சேவல் வருஷம்மா. பூனை வருஷத்துல சேவல் கால் வச்சா மண்டபம் மிஞ்சுமா? அப்புறம் அடுத்த டெட் வரைக்கும் என்னைத்தான் கரிச்சுக் கொட்டுவீங்க."

ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. வாயைக் குவித்து உள்ளே குரல் கொடுத்தார்.

"ஐயா... உயிரோட இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லேன்னாலும் பரவாயில்ல..."

பிணம் எதுவும் சொல்லவில்லை.

கியெட் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது முகம் வெளிறியிருந்தது. பின்பக்க ஜன்னல் திறந்திருக்கிறது. சட்டத்தில் சேறு. ஈர மண்ணில் ஜன்னலை நோக்கி வந்த காலடி இருக்கிறது... திரும்பிப் போன காலடி இல்லை.

"அப்படின்னா?" என்றான் பாக்.

"வந்தவன் இன்னும் உள்ளதான் இருக்கான்."

பாக் முரசைக் கழற்றி, அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

குவே மட்டும் அசையவில்லை. அவள் கண் தரையில் இருந்தது. டெட் விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடந்த மண்டபம். தரையில் மெல்லிய தூசி. தூசியில் ஒரே ஒரு ஜோடிக் காலடித் தடம். ஜன்னலில் ஆரம்பித்துக் கதவுக்கு வந்து, கதவிலிருந்து மேடைக்குப் போயிருந்தது. அங்கே முடிந்துவிட்டது.

வாசல்படியிலிருந்து ஒரு தடம்கூட இல்லை.

அவள் பார்வை மேடைக்குப் போயிற்று. குப்புறக் கிடந்த பேராசிரியரின் காலணி அடிப்பகுதி இரண்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டிலும் மஞ்சள் சேறு! அங்கிப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது சிவப்புக் கயிறு. அந்தக் கயிற்றில் கோத்து மண்டபத்துச் சாவியை முந்தாநாள் அவரிடம் கொடுத்தவளே அவள்தான்.

சாவி பையில் இருக்க, வயதான மனிதர் செடியையும் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஏறுவாரா?

திருடன் வாசல்படிக்குப் பயப்பட மாட்டான். கொலைகாரனும் மாட்டான். வாசல்படிக்குப் பயப்படுகிறவர், அதைத் தன் காலால் தாண்டக் கூடாது என்று தெரிந்தவர். அதைவிட முக்கியம், இந்த மண்டபம் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைப்பவர்.

"சித்தப்பா, நீங்க முன்வாசலுக்குப் போங்க. வெளியாள் யாரும் தப்பிக்கக் கூடாது. பாக், நீயும் போ."

இருவரும் சந்தோஷமாக ஓடினார்கள்.

குவே வாசல்படிக்கு வெளியே குந்தி உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா... நீங்க சேவல்தானே?"

பிணம் தும்மியது.

"அவங்க போயிட்டாங்களா?" என்றது, முகத்தைத் தூக்காமலே.

"போயிட்டாங்க. என்னங்கய்யா இது?"

"வேற வழி தெரியல பொண்ணே. நான் பொறந்தது ஜனவரி. அந்த வருஷம் டெட் வந்தது பிப்ரவரி பாதியில. சான்றிதழைப் பாக்கிறவன் நாய்னு கணக்குப் போடுவான். டெட் வர்றதுக்கு முன்னாடியே வந்துட்ட நான் அசல் சேவல்."

"முடியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்ல? நீ வீட்டுக்கு வந்து கேட்டப்ப, 'எங்க வீட்டுக்காரர் கால் மாதிரி வருமா'ன்னு பெருமையா ஒத்துக்கிட்டது யாரு? லியென். அவ பூனை. பூனைக்குச் சேவலை யாராவது கட்டி வைப்பாங்களா? மாமியார்கிட்ட நாய்னு சொல்லித்தான் கட்டினேன். முப்பது வருஷத்துக்கு மேல குரைச்சுக்கிட்டிருக்கேன்."

அவருடைய திட்டம் எளிமையானது. விடியலில் ஜன்னல் வழியாக இறங்கி, உள்ளேயிருந்து கதவைத் திறந்து வைத்து, அடிபட்டவர் போலப் படுத்துவிடுவது. இளகிய மனசுக்காரி குவே அலறிக்கொண்டு ஓடி வருவாள். ஆட்டுக் கால் முதலில் படும். மண்டபமும் பிழைக்கும், முப்பது வருஷக் குடித்தனமும் பிழைக்கும்.

"நீ என்னடான்னா வாசல்ல நின்னுக்கிட்டு என் ஜாதகத்தை அலசுறே. தரை என்ன குளிர் தெரியுமா?"

"என் கால் சரியில்லைங்கய்யா. காதல் தோத்துப்போச்சு. மெய்யியலும்."

"மெய்யியல்ல தோக்குறதெல்லாம் தோல்வியிலயே சேராதும்மா. நானே..."

முன்வாசல் பக்கமிருந்து விசில் கேட்டது. தொடர்ந்து பாக்கின் குரல். அந்த முட்டாள் உளறிவிட்டான்... யாரிடம் உளறக் கூடாதோ அவரிடமே!

பேராசிரியர் அவசரமாக மறுபடி செத்துப்போனார்.

துணைவேந்தர் லியென் அம்மையார் ஓடி வந்தார். பச்சைப் பட்டு உடை, கையில் குடை. பாதி வழியில் குடையை விட்டெறிந்தார். அவர் ஓடி அந்த வளாகத்தில் யாரும் பார்த்ததில்லை.

குவே எழுந்து வாசலை விட்டு ஒதுங்கினாள். முடிந்தது. உள்ளே பாய்வார். கணவரைப் புரட்டுவார். நாடகம் வெளுத்துவிடும். பேட்மிண்டன் வலையை இன்றைக்கே கட்டிவிடுவார்கள்.

அம்மையார் படிகளில் தாவி ஏறினார். வாசல்படியை நெருங்கினார். வலது காலைத் தூக்கினார்.

கால் அந்தரத்தில் நின்றது.

அவர் உள்ளே கிடந்த கணவரைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. மறுகணம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், உடையின் தொங்கலை இடுப்பில் செருகினார், கட்டடத்தைச் சுற்றி ஓடினார்.

பின்பக்க ஜன்னலில் இரண்டு கைகள் தெரிந்தன. பிறகு ஒரு கொண்டை. பிறகு ஒரு துணைவேந்தர்.

தொப்பென்று சத்தம்.

குவே வாயைப் பிளந்தாள். டெட்டுக்கு முந்தின வாரம் கொண்டுபோன கேக் அவள் கண்முன்னால் வந்து நின்றது. ஜனவரிப் பிறந்தநாள்! சான்றிதழில் பூனை... அசலில் அதற்கு முந்தின வருஷம். புலி!

புலி வருஷத்துப் பெண்ணை அந்த ஊரில் எவனும் கட்ட மாட்டான். புருஷனை விழுங்கிவிடுவாள் என்பார்கள். அந்தக் காலை முதலில் வைத்தால், உள்ளே கிடப்பவருக்கு மிச்சமிருக்கும் மூச்சும் நின்றுவிடுமோ என்று அம்மையார் பயந்திருக்கிறார்.

"ஏங்க... ஏங்க... என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க..."

அந்தக் குரலைக் கேட்டபின் செத்துக் கிடக்கப் பேராசிரியரால் முடியவில்லை.

"அழாத லியென். உயிரோடதான் இருக்கேன்."

பளார் என்று ஓர் அறை. பிறகு ஓர் அணைப்பு. பிறகு, கூடுதலாக, இன்னோர் அறை.

பேராசிரியர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது.

"ஆமா... கதவு திறந்திருக்கே. நீ ஏன் ஜன்னல் வழியா வந்தே?"

அம்மையார் ஜன்னல் சட்டத்தில் காய்ந்திருந்த பழைய சேற்றைப் பார்த்தார். கணவரின் காலணியைப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு வந்தீங்களோ, அதுக்குத்தான்."

"நீயும் அந்த வருஷ டெட்டுக்கு முன்னாடியே பொறந்துட்டியா?"

"ம்."

"அதான் ஒவ்வொரு டெட்டுக்கும் நம்ம வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, 'நீங்க முதல்ல போங்க'ன்னு..."

"நீங்க மட்டும்? 'நீ போ, நீ போ'ன்னு உயிரை எடுப்பீங்க. பக்கத்து வீட்டுக்காரர் வந்து நுழையற வரைக்கும் ரெண்டு பேரும் தூறல்ல நனைஞ்சுக்கிட்டு நிப்போம். நான்கூட எம்மேல எவ்வளவு மரியாதைன்னு நெனச்சேன்."

ஒரு பொய் நாயும் ஒரு பொய்ப் பூனையும் முப்பது வருஷத்துக்கு மேல் கடிக்காமல், பிறாண்டாமல் குடித்தனம் நடத்தியிருந்தன. சேவலும் புலியும் என்று தெரிந்திருந்தால் முதல் வாரமே பிரித்திருப்பார்கள்.

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். குவே வாசலில் நின்று இருமினாள்.

சிரிப்பு நின்றது. அம்மையார் தொங்கலை இறக்கிவிட்டுக்கொண்டு மறுபடி துணைவேந்தர் ஆனார்.

"நீ எவ்வளவு நேரமா அங்க நிக்கிறே?"

"இப்பதான் வந்தேன் மேடம். ஐயா கோமாளி வேஷத்துக்கு ஒத்திகை பாத்துக்கிட்டிருந்தார். அதைத் தவிர நான் எதையும் பாக்கல."

"ஜன்னல்?"

"இந்த மண்டபத்துல ஜன்னல் இருக்கா மேடம்?"

அம்மையார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மெய்யியலில் இந்தப் பெண்ணை எவன் தோற்கடித்தான் என்று யோசிப்பதுபோல் இருந்தது.

"அப்ப அசம்பாவிதம் எதுவும் நடக்கல."

"இல்லைங்க மேடம். பேட்மிண்டன்காரங்கதான் அளந்துட்டுப் போனாங்களே..."

"வெட்டவெளியில ஆடட்டும். காத்துல ஆடினாத்தான் கை பழகும். மண்டபம் உங்களுக்குத்தான்."

குவே முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள். இது ஒத்திகையில் வராத அழுகை.

ஆனால்... வாசல்படி? அதை இன்னும் ஒரு கால்கூடத் தாண்டவில்லையே!

சொற்பொழிவுக்குக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. விரிவுரையாளர்கள், ஓவியக் குழு, பாட்டுக் குழு, மட்டையோடு பேட்மிண்டன் குழு. அத்தனை பேரும் படிகளில் தூறலில் நனைந்தபடி, நீங்க முதல்ல, ஐயோ நீங்க முதல்ல என்று ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு மரியாதையான கூட்டத்தை அந்த வளாகம் அதற்கு முன் கண்டதில்லை. மேடையிலிருந்த இருவரோ, தாங்கள் எப்படி உள்ளே வந்தோம் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று ஆரஞ்சுச் செடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் முக் ரொட்டியை முடித்தது.

உடம்பைச் சிலிர்த்து மழையை உதறியது. கால்களுக்கு நடுவே புகுந்து படியேறியது. வாசலில் ஒரு கணம் நின்று மோப்பம் பிடித்தது. பிறகு நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வாசல்படியைத் தாண்டி, நேராகப் போய், முதல் வரிசையில் துணைவேந்தருக்குப் போட்டிருந்த நாற்காலியில் ஏறிச் சுருண்டுகொண்டது.

வீட்டுக்குப் பூனை வந்தால் பஞ்சம், நாய் வந்தால் செல்வம். அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த பழமொழி. கூட்டம் கைதட்டியது. பாக் முரசை அடித்து நொறுக்கினான். எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள்.

"பாத்தீங்களா சித்தப்பா," என்றாள் குவே, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாய் வருஷத்து ஆளைத் தேடினோம். நாயே வந்துடுச்சு."

கியெட் பின்பக்க ஜன்னலை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, தொப்பையைத் தடவியபடி முக்கை உற்றுப் பார்த்தார். காவல்காரர் மூளை லேசில் திருப்தி அடையுமா?

"அதெல்லாம் சரிம்மா... ஆனா இது ஜனவரியில பொறந்த நாய் இல்லியே?"