ரிலீவர் வரும்வரை

இதே பெயரில் இன்னொரு கணினி நெட்வொர்க்கில் இருக்கிறது என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் எட்டிப் பார்த்தது. பெனடிக்ட் அதைப் படித்தான். சரி என்பதை அழுத்தினான். பெட்டி போய்விட்டது.

அவன் கொடுத்திருந்தது பழைய பம்ப் ரூம் கணினியின் பெயர், அது செத்துப் போய்ப் பல நாளாகிறது. டிஸ்கைக் கழற்றியவனே அவன்தான். வெறும் கூடு மூலையில் கோணியைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. அப்புறம் யார் அந்த இன்னொன்று என்று வேறு சமயமாக இருந்தால் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பான். ஈஸ்டருக்கு முன்னால் மனைவி வினோலியாவைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து எதுவும் அவனுக்குள் போய்ச் சேர்வதில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான்.

சுரங்கத்தின் அடியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்புகளைக் கவனிக்கிற புரோகிராம் அரதப் பழசு, புதுக் கணினி எதிலும் ஏறாது. அதனால் பம்ப் ரூம் கணினியின் டிஸ்கை அப்படியே நகலெடுத்து, ஒரு சர்வருக்குள் போட்டு, கணினிக்குள் கணினியாக ஓடவிட வேண்டும். அதற்கான மென்பொருளைத்தான் காலையிலிருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறான். சர்வரும் கிழம். இன்ஸ்டால் பாதியில் நின்றது. மெமரி போதவில்லை என்றது. கூடுதல் மெமரி போட்டால் கண்ணிலேயே படவில்லை என்று சாதித்தது. மகள் ஆனியின் பென்சில் பாக்ஸிலிருந்து கொண்டுவந்த ரப்பரால் மெமரித் தகட்டின் பற்களைத் தேய்த்துத் தேய்த்துச் சொருகிய பிறகுதான் வழிக்கு வந்தது.

இன்ஜினியர் சக்கரபாணி கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"இன்னைக்கு ஓடிடுமா பெனடிக்ட்?"

"ஓடிடும் சார்."

"நான் கிளம்பறேன். மழை வர்ற மாதிரி இருக்கு, நீயும் பார்த்துக் கிளம்பு."

அவர் ஜீப் போகும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே கார்த்திகை மாதத்து வானம் நிலக்கரித் தூள் நிறத்தில் இறங்கி வந்துகொண்டிருந்தது. போன் அடித்தது. ஆனியைப் பார்த்துக்கொள்ளும் எதிர் குவார்ட்டர்ஸ் செவ்வந்தி.

"அண்ணே, பாப்பா சாப்புட மாட்டேங்குது. அப்பா வந்து ஊட்டுனாத்தான்னு வாசல்லயே ஒக்காந்துகினு இருக்குது."

"இதோ வந்துட்டேன்னு சொல்லும்மா. இருட்டறதுக்குள்ள வந்துடுவேன்."

தினமும் ஆனியிடம் சொல்லிவிட்டு வருவது இதைத்தான். இருட்டிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை என்பது அவள் கணக்கு. அவன் உயிரில் உணர்ச்சி மிச்சமிருக்கிற இடம் அது ஒன்றுதான்.

உள் கணினி மெதுவாகக் கண் விழித்தது. பழைய பச்சைத் திரை, பம்புகளின் வரிசை. கூடவே இன்னொரு சின்னப் பெட்டி. பம்ப் ரூம்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பும் பெட்டி. ஆங்கில எழுத்தில் தமிழ்.

ரிலீவர் வந்தாச்சா?

அடியில் தனகோட்டியின் பெயர்.

பழைய செய்தி, டிஸ்கில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று மூடினான். தனகோட்டி பம்ப் ரூமில் வேலை பார்த்தவர். சுரங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்ட்காரர், வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று, நான் பார்த்துக்கறேன் நீங்க கிளம்புங்க என்று சொல்லும்வரை இருக்கிறவர் எழுந்திருக்கக் கூடாது. நாற்காலி ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. பெனடிக்டின் அப்பாவும் அப்படி உட்கார்ந்திருந்தவர்தான். போன வருஷப் புயல் மழையில் பஸ் வரவில்லை, ரிலீவர் வரவில்லை. மறுநாள் ஆட்கள் வந்து பார்த்தபோது தனகோட்டி கீபோர்டில் கை வைத்தபடி, நிமிர்ந்து, உடம்பு விறைத்து உட்கார்ந்திருந்தார். மாரடைப்பு என்றார்கள். நெற்றி நிறையக் கோடாலி தைலம் தடவியிருந்தாராம்.

ரிலீவர் வந்தாச்சா?

மறுபடி மூடினான். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினான். அது கையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பெட்டி வந்தது. சர்வரின் விசிறி இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்பது போலிருந்தது, மூக்கடைத்த ஒருவர் வாயால் மூச்சு விடுவது போல, சீராக, அலுப்பாக. ஏசிக் காற்றில் ஈரக் கரி வாசனையோடு வேறொரு வாசனையும் கலந்து வந்தது. காரமாக. கண்ணைக் கரிக்கும்படி.

கோடாலி தைலம்.

பயம் எங்கோ தூரத்தில் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. அது வந்து சேரத்தான் நேரமாயிற்று. காலடியில் இருந்த யூபிஎஸ்ஸை அணைத்தான். விசிறி நின்றது. திரை அணையவில்லை. மூச்சும் நிற்கவில்லை.

எழுந்தான். போதும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், ஆனி வாசலில் இருக்கிறாள். கதவுவரை போனவன் மேஜையில் கிடந்த போனை எடுக்கத் திரும்பி வந்தான். நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

பம்ப் ரூமிலிருந்து கணினியோடு சேர்ந்து வந்த நாற்காலி. காலையிலிருந்து அவன் உட்கார்ந்திருந்தது.

அதன் குஷன் அமுங்கியிருந்தது. இன்னும் அமுங்கியது. கீபோர்டில் ஒரு பித்தான் தானாகத் தாழ்ந்தது. இன்னொன்று.

ரிலீவர் வந்தாச்சா?

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. இந்த மனிதரை யாரும் போகச் சொல்லவில்லை. அப்பா வீட்டில் நூறு தடவை சொல்லிக் கேட்ட வார்த்தை, யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நான் பார்த்துக்கறேன் அண்ணே. நீங்க கிளம்புங்க."

மூச்சு நின்றது. நாற்காலி கிறீச்சிட்டது. குஷன் மெல்ல மேலே எழும்பியது. ஏதோ ஒன்று அவனை உரசிக்கொண்டு போனது. கதவு திறந்தது. ஏசி ரூம் என்பதால் அவன் வெளியே கழற்றி விட்டிருந்த செருப்பை யாரோ மாட்டிக்கொண்டு, வராந்தாவில் நடந்து, படியிறங்கினார்கள்.

நாற்காலி காலியாக இருந்தது.

காலியாக இருக்கக் கூடாது. அவன் கால்கள் நடந்தன. உட்கார்ந்தான். கைகள் கீபோர்டின் மேல் போய் அமர்ந்தன.

எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. கத்தினான். சத்தம் வரவில்லை. மழை பிடித்தது, நன்றாக இருட்டியது. வெகுநேரம் முயன்று வலது கையின் ஒரு விரலைப் போன்வரை நகர்த்திச் செவ்வந்தியின் எண்ணை அழுத்தினான்.

"அலோ, யாருங்க? அண்ணன் போன் ஆச்சே இது. ஆபீசுலயே வுட்டுட்டு வந்துட்டாரு போல." அவள் குரலில் நிம்மதி. "அண்ணன் அப்பவே வந்துட்டாருங்க. பாப்பாவுக்கு ஊட்டிக்கினு இருக்காரு. தலைவலியாம், வூடெல்லாம் ஒரே தைல வாசனை. கூப்புடட்டுங்களா?"

அவன் வாயைத் திறந்தான்.

பின்னால் ஆனியின் குரல் கேட்டது. "இன்னொரு வாய் ஊட்டுப்பா."

போனுக்குப் பக்கத்திலிருந்த விரல் தானாகக் கீபோர்டுக்குத் திரும்பியது. மற்ற விரல்களும் சேர்ந்துகொண்டன. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, அவை அடிக்கத் தொடங்கின.

ரிலீவர் வந்தாச்சா?

அடியில் பெனடிக்டின் பெயர்.