நாலு மணி இருமல்

என்னைச் சந்தேகப் பிராணி என்று என் மாமியார் பாவாத்தாள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பொய்யில்லை. பால்காரர் ஊற்றும்போதே விரலை விட்டுத் தண்ணீர் பார்க்கிறவள் நான். அப்படிப்பட்டவள், சந்தேகப்படவேண்டிய நேரத்தில் படாமல் போனேன்.

என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி, கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில் மேஸ்திரி. மூன்று வருடமாக அவருக்கு இருமல். இரவெல்லாம் அவர் இரும, நான் முதுகை நீவியபடி உட்கார்ந்திருப்பேன். மலைக்காற்றில் கொஞ்ச நாள் இருந்தால் தேறலாம், தேறாவிட்டால் இனி மில் வேலை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி, கோத்தகிரியில் பூட்டிக் கிடந்த தன் பங்களாவின் சாவியைக் கொடுத்து, "பத்து நாள் இருந்துட்டு வாங்க" என்றார்.

ஐம்பத்தேழாம் வருடம், சித்திரைக் கடைசி. மாமியாரை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி மலையேறினோம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போன முதல் பயணம். வளைவுகளில் எனக்குக் குமட்டியது. அவர் ஓர் எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்து, "மோந்துக்கோ புள்ள" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

நாங்கள் பங்களாவை அடைந்தபோது பனி இறங்கியிருந்தது. சுற்றிலும் தைல மரங்கள். தோட்டக்காரர் அங்கப்பன் கேட்டைத் திறந்தார், வாயைத் திறக்கவில்லை. டிரங்குப் பெட்டியும் கையுமாக நாங்கள் நிற்கிறோம், அந்த ஆள் வெறிக்க வெறிக்கப் பார்க்கிறார். நாங்களாக உள்ளே காலெடுத்து வைத்த பிறகுதான் மூச்சு விட்டுக் கும்பிட்டார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?"

"கருமத்தம்பட்டிங்க."

"நம்ம பக்கத்து ஆளா இருந்துபோட்டு, வந்தவங்கள வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. இங்க பனி எறங்குச்சுன்னா வாசல்ல நிக்கறவங்கள வாங்கன்னு சொல்றதில்லீங்க. மனுசன்னா தானா உள்ள வந்துருவானுங்க. வராம நின்னா, அது கூப்பிடோணும்னு நிக்குதுங்க."

"எதுங்க?"

"அதையக் கேக்காதீங்க" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நான் நம்பவில்லை. எங்களைப் பயமுறுத்தித் துரத்திவிட்டு பங்களாவில் தன் இஷ்டத்துக்கு இருக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். விறகை எண்ணி வைத்தேன். சர்க்கரை டப்பாவில் கரிக்கோடு போட்டு வைத்தேன். என் கண்ணெல்லாம் அந்த மனுஷர் மேலேயே இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம், வீட்டுக்காரர் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, கடைத்தெருவில் காபிக்குத் தொட்டுக்கொள்ள வர்க்கி பிஸ்கட் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். பீடி நெருப்பில் ஓட்டை விழுந்து, நான் பச்சை நூலில் தைத்துக் கொடுத்த மப்ளர் அது. அவர் இருமல் வளைவு வரைக்கும் கேட்டது. பனி மூடியது. பிறகு இருமல் கேட்கவில்லை.

நாலு மணிக்குக் காபி கலக்கிக்கொண்டிருந்தேன். கேட் கிறீச்சிட்டது.

வாசற்படிக்கு வெளியே அவர் நின்றார்.

நின்றார். அவ்வளவுதான். கை வெறுமையாக இருந்தது.

"வாங்க, ஏன் குளுருல நிக்கறீங்க?" என்றேன்.

யோசித்துச் சொன்ன வார்த்தையா அது? வழி கேட்கிறவனுக்குக்கூட முதலில் "வாங்க", அப்புறந்தான் "ஆருங்க" என்று கேட்டு வளர்ந்த வாய். சொல்லிவிட்டது.

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"வர்க்கி எங்கீங்க?"

"கடை சாத்திக் கெடந்துச்சு."

அன்று இரவு அவர் ஒரு தடவைகூட இருமவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக நான் அசந்து தூங்கினேன். மாசாணியம்மா, உன் பேரை எனக்கு வைத்ததற்குக் கண் திறந்துவிட்டாய் என்று காலையில் கும்பிட்டேன்.

பின்கட்டுக்கு அங்கப்பன் வந்தார். முகம் சாம்பலாக இருந்தது. கையில் நனைந்து கூழான வர்க்கிப் பொட்டலம். இன்னொரு கையில் ஒரு மப்ளர்.

"வளைவுல கெடந்துச்சுங்க. ஆளு இல்லீங்க. இது உங்க ஊட்டுக்காரருதுங்களா, பாருங்க."

ஓட்டை. பச்சை நூல். என் தையல்.

திரும்பிப் பார்த்தேன். கூடத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மப்ளர். அதிலும் பச்சை நூல்.

அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, மெல்ல விட்டார். ஒரு கரகரப்பு இல்லை.

"இது அவருது இல்லீங்க" என்றேன் அங்கப்பனிடம்.

ஏன் சொன்னேன்? பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முந்தின இரவு தூங்கிய தூக்கம். என் வாயால் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அங்கப்பன் மப்ளரைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. நான் அந்த மப்ளரை அடுப்பில் திணித்தேன். ஈரம் காய்ந்து எரிய வெகுநேரம் பிடித்தது.

அன்று நாலு மணிக்கு வளைவுப் பக்கம் இருமல் கேட்டது.

ஜன்னலைச் சாத்தினேன்.

மிச்ச நாட்களில்தான் கவனித்தேன். அவர் ஒவ்வொரு நிலைப்படியிலும் நின்றார். சமையலறை வாசலில், குளியலறை வாசலில், படுக்கையறை வாசலில். நான் "வாங்க" என்று சொல்லும் வரை பொறுமையாக நின்றார். சொன்ன இடத்துக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

ஊர் திரும்பினோம். எங்கள் வீட்டு வாசலில் அவர் நின்றார்.

நான் முன்னால் உள்ளே போய்விட்டேன். நாக்கை உள்ளேயே மடக்கிக்கொண்டேன். நான் சொல்லாவிட்டால் வெளியிலேயே நிற்கும், நின்று பார்த்துவிட்டுப் போய்விடும் என்று ஒரு நப்பாசை. அவர் என் முகத்தையே பார்த்தபடி நின்றார். வேர்வைகூட இல்லை.

"ஏன் கண்ணு, வெயில்ல நின்னுட்டு? உள்ள வா சாமி" என்று என் மாமியார் ஓடி வந்தார்.

வேறென்ன சொல்வார், பெற்றவள்.

நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். மில் வேலை நிலைத்தது. அவரைப் போன்ற மாப்பிள்ளை கிடைக்குமா என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எலுமிச்சம்பழத்தைப் பற்றி ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "எந்தப் பழம்?" என்றார்.

மறுவருடம் சித்திரையில், தெருக்கோடிக் குழாயடியில் அந்த இருமல் கேட்டது. மில் சங்கு ஊதும் நாலு மணி. போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. மலையிலிருந்து நடந்தே வந்தாரா, என் சாமி, அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு? அன்று இரவு சோறு இறங்கவில்லை.

அடுத்த வருடம் அது நாலு வீடு தள்ளிக் கேட்டது. பிறகு பக்கத்து வீட்டுச் சுவரோரம். என் மாமியார் சாகும் வரை, "ஆரோ நம்ம ஆறுச்சாமியாட்டவே இருமறாங்க அம்மணி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது எட்டு வருடம் ஆகிறது. இன்று சங்கு ஊதியதும் இருமல் கேட் அருகிலேயே கேட்டது. போய்ப் பார்த்தேன். அடிக்கிற வெயிலில், கேட்டின் மேல் ஒரு மப்ளர் சொட்டச் சொட்டத் தொங்கியது. தைல இலை வாசம். பச்சை நூல்.

நான் எரித்த மப்ளர்.

வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை போதும். அது அவர்தான் என்று தெரிந்தால் சொல்லிவிடுவேன். போன தடவையும் அவர்தான் என்று நினைத்துத்தானே சொன்னேன்?

"ஆரு மாசாணி?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆருமில்லீங்க" என்றேன்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அப்படியே நின்றேன்.

கதவுக்கு அந்தப் பக்கம், படியில், அவர் இருமினார்.