குப்புறக் கிடந்த டீச்சர்

போலீஸ் ஸ்டேஷன் போன் அலறியது.

எடுத்துக் கேட்ட ஏட்டு, ரிசீவரை அப்படியே இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். முகம் வெளிறியிருந்தது.

மறுமுனையில் வயதான குரல். நிதானமான குரல்.

"என் சம்சாரத்தை நான் கொன்னுட்டேன் சார். தலகாணியை வெச்சு... வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."

விலாசத்தையும் சொன்னது அந்தக் குரல். எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது உட்பட!

ஜீப் சீறியது.

மனிதர்கள் பாதி முகத்தோடு நடமாடிய காலம் அது. ஆம்புலன்ஸ் சத்தம் பழகிப்போய் நாய்கள்கூடக் குரைப்பதை விட்டிருந்தன.

சின்ன வீடு. கதவு திறந்தே கிடந்தது. வாசலை ஒட்டிய நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சட்டைப் பித்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

உள் அறைக் கட்டிலில்...

அவர் மனைவி. தெரு முழுக்க 'டீச்சர்' என்றே கூப்பிட்ட பெண்மணி. குப்புறக் கிடந்தார். உடலுக்கு அடியில் தலையணைகள்.

அசைவில்லை. மூச்சில்லை.

பிளாஸ்டிக் அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனார் போலீஸ் டாக்டர். கண்டிப்பான பெண்மணி. கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலிக்கு எதிரே போய் நின்றார்.

"என்ன பெரியவரே... எதுக்காக இப்படிப் பண்ணீங்க?"

கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார். காக்கிச் சட்டையைப் பார்த்தார். சட்டென்று எழ முயன்றார். தள்ளாடி, மறுபடி உட்கார்ந்தார்.

"செக்கிங் சாரா? வாங்க சார். எல்லாரும் டிக்கெட் எடுத்துட்டாங்க. என் வண்டியில வித்தவுட் கிடையாது."

ஏட்டுக்குச் சிரிப்பு வந்தது. இன்ஸ்பெக்டருக்குக் கோபம்தான் வந்தது. போனில் அவ்வளவு தெளிவு... இப்போது மட்டும் பைத்தியமா?

"நடிக்கிறாரு சார்!"

வாசலில் ஒரு பெண்ணின் குரல் வெடித்தது.

மகள். அடுத்த தெருவில் குடியிருப்பவள், துணிக்கடையில் கேஷியர். செய்தி கேட்டு, கால் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்திருந்தாள். ஏட்டு தடுத்ததும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அழுதுகொண்டே சொன்னதிலிருந்து இன்ஸ்பெக்டருக்கு இவ்வளவு புரிந்தது. சில நாட்களாக அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பார்க்க வருகிறேன் என்று இவள் சொன்னபோதெல்லாம் அப்பா தடுத்திருக்கிறார். கேட்டைப் பூட்டியே வைத்திருந்தாராம்.

சந்தேகம் வலுத்தது!

"கடைசியா அம்மாவை எப்பம்மா பார்த்தே?"

"ரெண்டு வாரம் இருக்கும் சார். நல்லாத்தான் இருந்தா. அடுப்புல பால் தீஞ்சு கருகுது... நான் பக்கத்துலயே நிக்கிறேன், கவனிக்கலை. அம்மாதான் வாசல்லேர்ந்து மோப்பம் புடிச்சு ஓடி வந்தா. 'மகாராணி, கனவுலயா இருக்கே'ன்னு தலையில ஒரு குட்டு வெச்சா." அவள் குரல் உடைந்தது. "அந்தக் கையை... இனிமே எங்க சார் போய்த் தேடுவேன்?"

இன்ஸ்பெக்டர் உள் அறைப் பக்கம் திரும்பினார்.

உள் அறைக் கதவு திறந்தது.

"இது கொலை இல்லை, இன்ஸ்பெக்டர்."

டாக்டரின் குரல் தழுதழுத்திருந்தது. பிணங்களோடு பழகிய அந்தக் குரல்!

"தலகாணி முகத்துல இல்லை, நெஞ்சுக்கு அடியில இருக்கு. நுரையீரல் கொஞ்சமாவது விரியட்டும்னு. ஆஸ்பத்திரியில இடம் கிடைக்கிற வரைக்கும் குப்புறப் படுக்க வைங்கன்னு கிளினிக் நர்ஸே சொல்லியிருக்காங்க. இப்பதான் போன்ல கேட்டேன். இடம் கிடைக்கலை... கொரோனா நிமோனியா. அதுதான் கொன்னுது."

"ஒருவேளை இவரே அமுக்கியிருந்தா?"

"காயமோ, திமிறின அடையாளமோ ஒண்ணும் இல்லை. அதோட அந்தம்மா முடியை வந்து பாருங்க. மூச்சு விட இடைஞ்சலா வாயில விழக்கூடாதுன்னு ஒதுக்கி, சீவி, கிளிப் போட்டிருக்காரு. கொல்றவன் கிளிப் போடுவானா?"

"அப்ப எதுக்கு கொன்னேன்னு சொன்னாரு?"

டாக்டரின் பார்வை கண்டக்டரின் கை விரல்களில் நிலைத்திருந்தது.

நகங்கள் நீலம்!

பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து அவர் விரலில் மாட்டினார். எண்ணைப் பார்த்தார். நம்பாமல் வேறு விரலில் மாட்டினார். அதே எண்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. உடனே. ரத்தத்துல ஆக்சிஜன் இந்த அளவுக்கு இறங்கினா நீங்களும் நானும் மூச்சு வாங்கித் துடிப்போம். இவர் உக்காந்து டிக்கெட் பேசறாரு."

"காய்ச்சல்கூட இல்லையே டாக்டர். இருமவும் இல்லை..."

"வயசானவங்ககிட்ட இது சில சமயம் அப்படித்தான் வரும். சத்தமே போடாது. சாப்பாடு இறங்காது, நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். வயசாச்சு, அப்படித்தான்னு நாம விட்டுடுவோம். உள்ள நெஞ்சு முழுக்க நிமோனியா பரவியிருக்கும். கொலை பண்ணேன்னு சொன்னதும் அந்த உளறல்தான்."

மகள் இதைக் கேட்டாள். கம்பியை விட்டுத் தரையில் சரிந்தாள்.

"அப்பா... உங்களைப் போய்..."

கண்டக்டர் அவளை அடையாளம் தெரியாமல் பார்த்தார். ஆனாலும் கனிவோடு சொன்னார்.

"அழாதம்மா. உன் ஸ்டாப் வந்ததும் நானே எழுப்பிவிடறேன்."

ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜீப் வெறுமையாக நிற்க, ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவதற்கு முன் இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு, அவர் சட்டைப் பித்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார். யாரும் சொல்லவில்லை. செய்யத் தோன்றியது, செய்தார்.

டீச்சரை வழியனுப்ப நாலைந்து பேருக்குத்தான் அனுமதி. ஊருக்கே எழுத்து சொல்லிக்கொடுத்தவருக்கு!

கண்டக்டர் பிழைத்தார். கடவுள் எதையோ எண்ணித் திருப்பி அனுப்பினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவரை வார்டுக்கு மாற்றிய பிறகு இன்ஸ்பெக்டர் பார்க்கப் போனார். மூக்கில் இன்னும் குழாய். பாதி உடம்பு கரைந்திருந்தது. மகள் பிளாஸ்கோடு கீழே காத்திருந்தாள்.

"கேஸை மூடியாச்சு ஐயா. நோய்ல ஏதோ உளறிட்டீங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

கண்டக்டர் வார்டு வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"உங்களைச் செக்கிங் சார்னு கூப்பிட்டேனாமே. அது சுத்தமா ஞாபகமில்லை. ஆனா போன் பண்ணது ஞாபகம் இருக்கு. அப்ப நான் தெளிவாத்தான் சார் இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் அதிர்ந்தார்!

"அப்ப... அது உளறல் இல்லையா?"

"பொய்."

"ஏன்?"

"என் பொண்ணு மோப்பத்துல நாய் தோத்துடும் சார். அவ பக்கத்துலயே பால் கருகுது, அவளுக்குத் தெரியலை. லேசா ஜலதோஷம்னா, ஆனா வாசனை போறது இந்த நோய்தானே சார். அவளுக்கு அத்தோட போச்சு. கொஞ்ச நாள்ல டீச்சர் படுத்துட்டா. உள்ள விட்டா, தன்கிட்டேர்ந்துதான் ஒட்டுச்சுன்னு அவளே கணக்குப் போட்டுடுவாளோன்னுதான் கேட்டைப் பூட்டினேன்."

இன்ஸ்பெக்டருக்கு மெல்லப் புரிந்தது.

"அம்மா எப்படிப்பா போனான்னு என்னைக்காவது கேட்பா. அதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். அப்பன் மேல கோவம்னா என்னைக்காவது ஆறிடும் சார். தன் மேலயே கோவம்னா ஆறவே ஆறாது. இப்ப நோய்னு தெரிஞ்சும், யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு அவ யோசிக்கலை; உளறல்னு முடிஞ்சதும் நல்லதாப் போச்சு. நீங்களும் அப்படியே விட்டுடுங்க."

கடவுள் சில பொய்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார் என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"போலீஸ்கிட்டயே பொய்யா? ஜெயில்ல போட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க ஐயா?"

கண்டக்டர் குழாய் வழியே மெல்ல மூச்சிழுத்தார். ஈரம் கோத்த கண்களோடு சிரித்தார்.

"சர்வீஸ் பூரா ஒரு வித்தவுட்டைக்கூட நான் விட்டதில்லை சார். அதுக்காகப் பெத்த பொண்ணையுமா செக்கிங்ல மாட்டிவிட முடியும்?"