கார் நின்ற இடத்தில் ஈரம்

"நீங்க வண்டியை எடுக்கவே இல்ல."

"எடுத்தேங்க."

"சக்கரத்துல வால்வு அதே இடத்துல நிக்குது."

"அதுக்கு நான் என்ன பண்றது... கொஞ்சம் தள்ளி நில்லுன்னு சொல்லட்டுமா?"

மழை அப்போதுதான் விட்டிருந்தது. கடைத்தெருவில் கார் நிறுத்தும் நேரத்தைக் கண்காணிப்பவள் அவள். தொப்பி விளிம்பில் தொங்கிய துளி கீழே விழுவதற்குள் அபராதச் சீட்டை எழுதி முடித்துவிட்டாள். அவள் தெருவுக்குள் திரும்பினாலே கார்கள் தாமாகப் பின்வாங்கும் என்பார்கள் கடைக்காரர்கள். முச்சந்திக் கல் சிலைகூட ஒரு தடவை நாலடி தள்ளி நின்றதாம். சிலை மேல் உட்கார்ந்திருந்த புறா இன்றுவரை அதைப் பற்றிப் பேச மறுக்கிறது.

எதிரே நின்றவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ஊரார் கண்களை அளப்பதே அவன் பிழைப்பு. இந்தக் கண்களுக்கு நேரே நின்றபோது மட்டும் அளவெல்லாம் மறந்துபோயிற்று... கோபத்திலும் ஈரம் விடாத கண்கள்.

அந்தத் தெருவில் எந்தக் காரும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. முதல் சுற்றில் ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றடிக்கும் வால்வு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று, கடிகார முள்ளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக் குறித்துக்கொள்வாள். அடுத்த சுற்றில் முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டிலும் அது அப்படியே இருந்தால் கார் நகரவில்லை. போய்விட்டு வந்த கார் இரண்டையும் அதே கோணத்தில் கொண்டுவந்து நிறுத்துவது, மேலே வீசிய சட்டை மடித்துக்கொண்டே கீழே வருகிற மாதிரி.

சாட்சி உண்டா என்று கேட்டாள். உண்டு, ஒரு பெரியவர் வீட்டுக்குப் போய்ப் புதுக் கண்ணாடி கொடுத்துவிட்டு வந்தேன் என்றான். ஆனால் இவன் போனபோது அவருக்குக் கண் தெரியாது. தெரிந்தபிறகு அவர் நிலைக்கண்ணாடியில் தன் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

அவளுக்குச் சிரிப்பு உதடுவரை வந்து, சீருடையைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது.

"அபராதத்தை நாளைக்கே கட்டிடறேங்க. அது பெரிசில்ல..." சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "நான் பொய் சொல்றேன்னு நினைச்சுட்டீங்களே."

காரை எடுத்துக்கொண்டு போனான். அவள் அடுத்த காருக்குத் திரும்பினாள்... நின்றாள்.

மழைக்கு முன்பிருந்தே அந்தக் கார் அங்கே நின்றிருந்தால், அடியில் தரை காய்ந்திருக்க வேண்டும். பக்கத்துக் காரின் அடியில் பாய் விரித்துப் படுக்கலாம், அத்தனை உலர்வு. இவன் கார் நின்ற இடமோ சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது.

அவள் போட்ட சீட்டு ஒன்றுகூட இதுவரை தள்ளுபடியானதில்லை. அந்தப் பெருமை வீட்டுக்கே சொந்தம். ஏனென்றால் அலுவலகத்தில் அவளுக்கு மேலதிகாரி, அவள் அண்ணன். அவளை மேற்பார்வையாளராக்கச் சிபாரிசு செய்திருப்பவனும் அவனே.

சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னாள். அவனே கட்டுறேன்னு சொல்லிட்டான், நீ ஏன் கிளறுறே என்றான் அண்ணன். பார்க்காம சீட்டு எழுதினவள்னு உனக்குப் பேரு, தங்கச்சிக்காக அதை மூடி மறைச்சவன்னு எனக்குப் பேரு, தேவையா என்றான்.

"சரி, சார்," என்றாள். வீட்டில் அவனைச் சார் என்று கூப்பிட்டால் அன்றைக்குப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

யாருக்கும் தெரியாதுதான்... ஆனால் அவன் தினமும் அங்கே கடை திறப்பானே. நான் தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போகணுமே. உண்மை சொன்னவன் தலைகுனிந்து நிற்க, நான் தலை நிமிர்ந்து நடப்பதா?

காலையில் முதல் வேலையாக அண்ணன் மேசை முன்னால் போய் நின்றாள். சீட்டு தப்பு, ரத்து பண்ணுங்க, தப்பு என்னுதுன்னே பதிவு பண்ணுங்க என்றாள். பதவி உயர்வு இந்த வருஷம் கிடையாது, தெரியுமில்ல என்றான் அவன்.

"தெரியும் அண்ணா."

அவன் பதிவேட்டை இழுத்துத் திறந்தான். அவள் சொன்னபடியே எழுதிச் சீட்டை ரத்து செய்தான்.

கண்ணாடிக் கடையில் அவன் ஒரு லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அதையே இன்னும் பலமாகத் துடைத்தான்.

"சீட்டு ரத்தாயிடுச்சு. உங்க காருக்கு அடியில தரை நனைஞ்சிருந்தது... நீங்க போனதுமே பாத்துட்டேன். அப்பவே கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். சொல்லல. மன்னிச்சிடுங்க."

அவன் லென்சைக் கீழே வைத்தான்.

"அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன். கடைக்குப் பின்னாடி எனக்குன்னு இடம் இருக்கு. நாள் பூரா நிறுத்தலாம்."

"பின்ன ஏங்க இங்க வந்து நிறுத்தினீங்க?"

"இந்தக் கண்ணாடிக் கதவு வழியா அந்த இடம்தான் நல்லாத் தெரியும். நீங்க வந்து குனிஞ்சு சக்கரத்தைப் பாப்பீங்க... நான் உங்களைப் பாப்பேன். ரொம்ப நாளா. உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் காதோரம் சிவந்தது. குரலை மட்டும் வேலைக்குரிய குரலாகவே வைத்துக்கொண்டாள்.

"இனிமே பின்னாடிதான் நிறுத்தணும். தெருவோரம் சாமான் வாங்க வர்றவங்களுக்கான இடம்."

அவன் முகம் வாடியது.

"என்னைப் பாக்கணும்னா கடையை விட்டு வெளியில வாங்க," என்றாள் மெல்ல. "ரெண்டாவது சுற்று முடிஞ்சா எனக்கு டீ நேரம்... நானும் உங்களைச் சரியாப் பாக்கணும்னு நினைக்கிறேன்."