அரவையில் போனது

செயற்கை விரல் பொருத்தும் அறையில் ரப்பர் வாடை மூக்கைத் துளைத்தது. சன்னலுக்கு வெளியே நல்ல வெயில். மேசை மேல் விரல் விரலாக அடுக்கி வைத்திருந்தார்கள். நகம், மடிப்பு, பச்சை நரம்பு, எல்லாம் அச்சு அசல். பார்த்ததுமே அரவைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இறைச்சித் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் கொத்துக்கறி இயந்திரம் ஓட்டியவன் அவன். ஈ மொய்த்த குடலைக்கூட முகம் சுளிக்காமல் அள்ளியவன். மூன்று மாதம் முன்பு அதே இயந்திரம் அவனுடைய வலது கையின் நடு மூன்று விரல்களையும் இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் குமட்டல்தான்.

விரல் செய்பவள் வாயாடி. மணிக்கட்டை மடக்கினால் தானும் மடங்கும் இரும்பு விரல், மோட்டார் விரல், பார்வைக்கு மட்டும் சிலிக்கான் விரல் என்று கடை விரித்தாள். வேலைக்குத் திரும்புவதானால் இரும்புதான் சரி என்றாள். அவன் சிலிக்கானைக் காட்டினான். மொட்டைக் கையைக் கண்டாலே அவனுடைய நான்கு வயது மகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். அவள் மறுபடி மடியில் ஏறினால் போதும். வேலை எக்கேடு கெட்டால் என்ன?

அளவெடுத்தாள். நிறம் சேர்த்தாள். மூன்றாவது முறை போனபோது மாட்டிவிட்டாள். தழும்பின் மேல் உறை சப்பென்று ஒட்டிக்கொள்ள, உள்ளே வியர்வை நசநசத்தது.

"இல்லாத விரல்ல வலி இருக்கா? நிறைய பேருக்கு இருக்கும், பயப்படாதீங்க."

"வலி இல்லம்மா. சூடா இருக்கு. கொழகொழன்னு எதுக்குள்ளயோ கெடக்குற மாதிரி."

வாயாடி குனிந்து, மேசை மேலிருந்த மற்ற விரல்களைப் பெட்டிக்குள் எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது நடுப்பகல். புதுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மனைவி, இனி மோதிரம் கேட்பீர்களே என்று கிண்டல் செய்தாள். பிறகு மகளைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தாள். சாப்பாட்டில் கையே வைப்பதில்லையாம். வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போகிறதாம்.

"உங்களுக்கு அடிபட்ட அன்னைக்கு சாயங்காலம் உங்க மேஸ்திரி கறிப் பொட்டலம் கொண்டுவந்து குடுத்தாரு. அன்னைக்குத்தான் கடைசியா வாய் நிறைய சாப்பிட்டா. எனக்குத்தான் ஒரு வாய் இறங்கல."

விரல் விழுந்த அந்த அரவைக் கறியை அப்படியே குழி தோண்டிக் கொட்டிவிட்டோம் என்றுதான் மேஸ்திரி ஆஸ்பத்திரியில் சொன்னார். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் கொல்லைக்கு ஓடினான். குடலே வெளியில் வந்துவிடும்போல வாந்தி எடுத்தான். என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டபோது, வெயில் என்றான். எந்த வாயால் அதைச் சொல்வான்?

திரும்பி வந்து உட்கார்ந்ததும் கதவோரம் மகளின் தலை தெரிந்தது. மெல்ல வந்தாள். புது நகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு மடியில் ஏறி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மூன்று மாதமாக அவன் ஏங்கியது இதற்குத்தான்.

ஆனால் அவள் மூச்சில் பச்சைக் கறி வாடை அடித்தது. கழுவாத இயந்திரத்தின் வாடை. பெற்ற பிள்ளையைப் பிடித்துத் தள்ளிவிடத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் முகத்திலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

"அப்பா, இங்க கை வையி."

சட்டையைத் தூக்கி, சிலிக்கான் விரல்களை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

சிலிக்கானுக்கு ஏது உணர்ச்சி? ஆனால் அவனுக்குத் தெரிந்தது. தோலின் மென்மை தெரிந்தது.

உட்பக்கத்திலிருந்து.

அவன் பதறிப்போய், இல்லாத ஆள்காட்டி விரலை மடக்கினான். அவள் தொப்புளுக்குப் பக்கத்தில் தோல் புடைத்தது.

அடுத்து நடுவிரல்.

அடுத்து மோதிர விரல். அதை அவன் மடக்கவில்லை, தானாகவே புடைத்தது.

மகள் நெளிந்து கலகலவென்று சிரித்தாள். அவன் கையைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அவள் சிரிப்பு நிற்கவில்லை. மூச்சுத் திணறத் திணறச் சிரித்தாள்.

"போதும்ப்பா, கூசுது. கைய எடு."