அவையில் கிழிந்த மசோதா

சட்டமன்ற நூலகத்துக்குள் நுழைந்த மசோதாப் பிரிவு எழுத்தரின் முகத்தில் ஈயாடவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அது நிறையக் கிழிந்த காகிதம்.

"மேடம், என் வேலை போச்சு!" என்று நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். "காலையில நடந்த அமளியில ஒரு எதிர்க்கட்சி உறுப்பினர் மசோதாவோட மூலப்பிரதியையே பிடுங்கிக் கிழிச்சுட்டார். மூணு மணிக்கு ஓட்டெடுப்பு. கூட்டத்தொடருக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் இல்லாட்டி மசோதாவும் அவ்வளவுதான், நானும் அவ்வளவுதான். அதைப் பத்திரமா வச்சிருக்க வேண்டியவன் நான்தானே!"

நூலகர் அம்மாள் பதறாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். காணாமல் போன புத்தகம் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார் என்று கட்டடம் முழுக்க அவருக்குப் பெயர். அவருடைய வலது கையாகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர் லிப்ட்காரர். எழுத்தர் இந்த லிப்ட்காரரின் தங்கை கணவர் வேறு. சும்மா இருப்பாரா?

"கவலைய விடுங்க மாப்ளே, ஒட்டிரலாம்!" என்று பசையும் அட்டையுமாக உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரத்தில் பசை அவர் விரல்களில்தான் அதிகம் ஒட்டியிருந்தது. "இதென்ன தொல்லை! இந்தப் பக்கம் ஒட்டினா அந்தப் பக்கத்து எழுத்து மறைஞ்சு போகுது."

நூலகர் சட்டென்று ஒரு துண்டை எடுத்து இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "எங்க நின்னு கிழிச்சார்?"

"நடுவுல இருக்கிற செயலர் மேசையிலிருந்து பிடுங்கினார் மேடம். நேரா தன் இடத்துக்கு ஓடி, மேசை மூடியைத் தூக்கி, டமால்னு மூடி, அப்புறம்தான் கிழிச்சார். காவலருங்க நாலு பேர் அலாக்காத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"என் லிப்ட்லதான் கொண்டுவந்தாங்க. ரெண்டு கையும் காலி" என்றார் லிப்ட்காரர்.

நூலகர் சிரித்துவிட்டார். "கோபத்துல பிடுங்கினவர் நின்ன இடத்துலயே கிழிப்பார். எதுக்கு ஓடணும்? மூலப்பிரதியில ஒரு பக்கம்தான் அச்சடிப்பீங்க. ரெண்டு பக்கமும் அச்சடிக்கிறது உறுப்பினர்களுக்குக் கொடுக்கிற பிரதி. இந்தத் துண்டோட மூலையைப் பாருங்க. எழுபத்து நாலுன்னு நீங்களே குத்தின முத்திரை. அது யாரோட இருக்கை?"

"ஐயோ, அவரோடதுதான்!"

மூவரும் அவைக்கு ஓடினார்கள். எழுபத்து நான்காம் மேசையின் மூடியைத் தூக்கினால், உள்ளே மூலப்பிரதி ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. எழுத்தருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. லிப்ட்காரர் ஆசையாகக் கையை நீட்ட, "பசை! தொடாதீங்க!" என்று மற்ற இருவரும் அலறினார்கள்.

மூன்று மணிக்கு ஓட்டெடுப்பு நடந்தது. மசோதா நிறைவேறியது.

மாலையில் வெளிவாசலில் நின்றிருந்த உறுப்பினரிடம் போய் எழுத்தர் கும்பிட்டார். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா பேசுங்க. நான் கிழிச்சேன்னு கட்சியில தோள்ல தூக்கி வச்சு ஆடிக்கிட்டிருக்காங்க. கைக்கு வந்தப்புறம்தான் கையெழுத்தைப் பார்த்தேன். அதான் உள்ள வச்சுட்டு என்னோடதைக் கிழிச்சேன். திருப்பிக் கொடுக்கலாம்னா உள்ளயே விடல."

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலங்க."

"அட, எனக்கு மசோதா மேலதாங்க கோபம். உங்க சோத்துல கை வைக்க நான் யாரு?"